நடுக்காலுக்குக் கீழே இரண்டு டயோடு

செல் தீரும்போது டேப் ரிக்கார்டர் எப்படிப் பாடும் என்று என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பெண் குரல் ஆண் குரலாகும். பிறகு ஆண் குரல் எருமைக் குரலாகும். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். செல்லைக் கழற்றி ஓட்டின் மேல் வெயிலில் வைப்போம், பல்லால் கடித்து நெளித்துக்கூடப் போட்டுப் பார்ப்போம். இப்போதைய பிள்ளைகளிடம் பாட்டு இழுக்கும் என்று சொன்னால் நெட் ஸ்லோவா என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த இழுவையை நினைத்தால் சிரிப்பு வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. என் அக்காவின் வாழ்க்கை அந்த இழுவையில்தான் திசை மாறியது. போன மாதம் அப்பாவின் கருமாதிக்குப் போய்வந்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குக் கிழக்கே, தக்காளிக் காடு. அப்பா ஒரு தடவை தக்காளி லோடோடு பெங்களூர் போனவர், திரும்பி வரும்போது துண்டில் சுற்றி ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். வெள்ளி நிறம், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே ஒரு கைப்பிடி. அதன் பிளாஸ்டிக் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கேசட் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதற்கென்றே நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவேன். அடுத்த வருடமே அதற்கு இரண்டு பக்கமும் அடி. கரண்ட் ஒரு நாள் ஏறி வந்து உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மர் புகைந்துபோனது. செல் போட்டுக் கேட்கலாமென்றால், மழைக்காலம் முழுக்க உள்ளேயே கிடந்த செல் ஒழுகி, கம்பியெல்லாம் அரித்துப் பச்சை பூத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, பின்பக்கத்தில் ஆறு வோல்ட் என்று எழுதியிருந்த சின்னத் துளை. அதில் கொடுக்க ஆறு வோல்ட் எங்கே இருக்கிறது? வீட்டில் இருந்ததெல்லாம் டிராக்டர் பேட்டரி. அது பன்னிரண்டு.

அக்கா அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தங்கை நான் ஏழாவது. அக்காவுக்கு பாலிடெக்னிக்கில் சேர்ந்து எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. சாதாரண ஆசை இல்லை. பாலக்கோடு நூலகத்தில் அட்டை கிழிந்த ரேடியோ புத்தகம் ஒன்று இருந்தது. அதை அவள் திருப்பிக் கொடுப்பதும் அன்றைக்கே மறுபடி எடுப்பதுமாக இருந்தாள். அம்மாவுக்கு அது பிடிக்காது. “பொட்டப்புள்ள கையில கரண்டியக் குடுத்தா பிடிக்கமாட்டேங்குது, திருப்புளியக் குடுத்தா உடமாட்டேங்குது” என்பாள். அப்பா சிரிப்பார். வேண்டாம் என்றும் சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார். அதுதான் அப்பாவின் வழக்கம்.

பன்னிரண்டை ஆறாக்க ஒரு ரெகுலேட்டர் வேண்டும் என்றாள் அக்கா. அம்மா நிமிர்ந்து கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தாள். அது இல்லை இது. நகத்தளவுக் கறுப்புத் துண்டு, மேலே ஓட்டை போட்ட ஒரு தகடு, கீழே மூன்று கால். ஒரு காலில் எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் இன்னொரு காலில் இவ்வளவுதான் தருவேன் என்று பிடிவாதமாக நிற்கும். நடுக்கால் மைனஸுக்கு. அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாலக்கோடு ரேடியோ கடைக்குப் போனாள். கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். “ஆறு இல்லம்மா. அஞ்சுதான் கெடக்குது. ஆறு வோணும்னா சேலந்தான் போவணும்” என்றார். யார் சேலம் போவது? அக்கா கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். அஞ்சையே கொடுங்கள், கூட இரண்டு டயோடும் கொடுங்கள் என்று வாங்கிவந்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

“அஞ்சு வோல்ட்டுதான் குடுக்கும்னா அஞ்சுதானே பாப்பா குடுக்கும்?”

“அது நிக்கிற எடத்துலேர்ந்து அஞ்சுங்கப்பா. நடுக்கால நேரா மைனஸ்ல வெச்சா அஞ்சு. நடுக்காலுக்குக் கீழ ரெண்டு டயோடு வெச்சா, ஒண்ணொண்ணும் அர வோல்ட்டுக்கு மேல ஒசத்தும். அது ஒசந்து நின்னு அஞ்சு குடுக்கும். நமக்கு ஆறாயிரும்.”

“அதுக்குத் தெரியாதா, ஏச்சுப்புட்டாங்கன்னு?”

“தெரியாதுங்கப்பா. அம்மாவுக்கு அட்டாலி எட்டாதில்ல? முக்காலி போட்டு ஏறுனா எட்டுது. அம்மா என்ன வளந்தா போயிட்டாங்க?”

“என்னைய எதுக்குடி இழுக்கற?” என்றாள் அம்மா. அப்பா சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது.

டிராக்டர் கொட்டாயில் ஒரு பலகையின் மேல் அக்கா அதைச் செய்தாள். அந்தக் கறுப்புத் துண்டு சூடாகும் என்பதால், ஓட்டையாகிப்போன பால் குண்டானின் அலுமினிய மூடியைப் பாதியாக வெட்டி, அதில் தகட்டை வைத்து முடுக்கினாள். ஈயப் புகை, சூடான பலகையின் வாசம், அக்காவின் நெற்றியில் ஒட்டிய முடி. ஒயரைப் பேட்டரியில் தொட்டதும் கேசட் சுற்றியது. நாதஸ்வரம். கணீரென்று, வாங்கின அன்றைக்குப் பாடின மாதிரியே. அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து நின்றாள். அக்காவைத் திட்ட எதுவும் கிடைக்காமல், “சத்தத்தக் கொறைடி” என்றாள்.

அப்போது ஒரு விசேஷம் வந்தது. இண்டூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையின் குழந்தைக்குக் காது குத்து. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, இது மூன்றாவது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். அப்பா டிராக்டரில் சீர்த்தட்டுகளோடு போவதாக ஏற்பாடு. மேளக்காரர்கள் வேறு எங்கோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அப்பா கொட்டாயில் நின்று அந்த நாதஸ்வரத்தை முழுசாகக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“எந்தங்கச்சி வூட்டு வாசல்ல இது பாடட்டும் பாப்பா. பாடிருச்சுன்னா உன்னயக் காலேஜ்ல சேத்துடறேன். உங்கம்மா என்ன சொன்னாலும் சரி.”

அப்பா வாய்விட்டு வாக்குக் கொடுத்தால் அதிலிருந்து பின்வாங்கமாட்டார். ஊருக்கே தெரியும். அக்கா அன்றிரவு தூங்கவில்லை. தூங்காதவளுக்குப் பக்கத்தில் படுத்த நான் எப்படித் தூங்குவேன்?

விசேஷத்தன்று காலை அக்கா உள்ளே தலை சீவிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கொட்டாயில் பலகையை ஆட்டிப் பார்த்தார். இண்டூர் ரோடு அப்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூக்கிப் போட்டால் பலகையும் போச்சு, பாட்டும் போச்சு என்று நினைத்திருப்பார். பலகையைக் கழற்றி வீசிவிட்டு, அந்தப் பால் குண்டான் மூடியை நேராக டிராக்டர் மட்கார்டில் வைத்து இரண்டு போல்ட் போட்டு ஸ்பேனரால் இறுக்கிவிட்டார். அக்கா வெளியே வந்தபோது வண்டி நிறைய சனம், தட்டு, பழம், பூ.

“பாத்தியா பாப்பா? இனி பூமியே ஆடுனாலும் இது ஆடாது.”

அக்கா ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், முதல் சத்தம் தங்கச்சி வீட்டு வாசலில்தான் கேட்க வேண்டும் என்றுவிட்டார். நல்லதுக்குப் போகிற வாத்தியத்தை வழியில் ஊதக்கூடாது என்பது அவர் கணக்கு.

இண்டூரில் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அத்தையின் மாமியார் இடுப்பில் குழந்தை. இரண்டு பக்கமும் ஊர்ச்சனம். அப்பா கையைத் தூக்கி, “போடு பாப்பா” என்றார். அக்கா பட்டனை அழுத்தினாள்.

நாதஸ்வரம் இழுத்தது. இரண்டு சுருதி கீழே இறங்கி, தடித்து, நின்று நின்று வந்தது. தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. மங்கள வாத்தியம் அப்படி மெதுவாகிப்போனால் அது வேறு எந்த வீட்டுச் சத்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. நாம் சிரித்துப் பழகிய அதே இழுவைதான். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த வாசலில் அதைக் கேட்டுச் சிரிக்க முடியுமா?

“எழவு வூட்டு மேளத்தயா சீரோட கொண்டாந்தீங்க?” என்று அத்தையின் மாமியார் கத்தினாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தையின் கையில் ஆரத்தித் தட்டு சாய்ந்து மஞ்சள் தண்ணீர் புடவையில் கொட்டியது. அப்பா பாய்ந்துவந்து ஒயரைப் பிய்த்தார். அக்கா மட்கார்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன், அதனால்தான் தெரியும்.

காது குத்து நடந்தது. அப்பா மடியில்தான் நடந்தது. ஆனால் பேச்சில்லை. சொல்லிவைத்ததுபோல் குழந்தையின் ஒரு காது பழுத்துச் சீழ் கட்டி, ஆற நாள் பிடித்தது. வேப்பெண்ணெய்க்குப் பதில் எதைத் தடவினார்களோ! ஆனால் பழி முழுக்கச் சீரோடு வந்த சத்தத்தின் மேல் விழுந்தது. ஆடிக்கு அத்தையை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. அப்பா இரண்டு முறை போய்த் திண்டாடித் திரும்பினார். மூன்றாவது முறை அத்தையின் மாமியாரே வழி சொன்னாள். “உங்க வூட்டுப் பொண்ண எங்க சின்னவனுக்குக் குடுங்க. உறவு ஒட்டிக்கும், மனசும் ஆறிரும்” என்றாளாம். அப்பா அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்து அக்காவிடம் சொன்னார். “வாசல்ல பாடுனா காலேஜுன்னு சொன்னேன். பாடல. நான் என்ன பாப்பா பண்றது?” அக்கா ரேடியோ புத்தகத்தை மறுநாள் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி எடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு மதியம். பள்ளிக்கூடம் அரை நாள் விட்டுவிட்டார்கள். கிணற்றுமேட்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். கொட்டாயிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. இழுவை இல்லை. கணீரென்று, சுத்தமாக. கொஞ்ச நேரம் பாடிவிட்டு நடுவில் சட்டென்று நின்றது. அக்கா மறுபடியும் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து ஓடினேன். வீட்டில் அப்பா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

நான் பத்தாவது முடித்ததும் அப்பா தானாகவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அம்மா முறைத்தாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். காலம் மாறிவிட்டது, மனுசனும் மாறிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இரண்டாம் வருடம் லேபில் அதே கறுப்புத் துண்டு என் கைக்கு வந்தது. டீச்சர் சொன்னார்கள், இதன் முதுகுத் தகடும் நடுக்காலும் உள்ளே ஒன்றுதான், டயோடு வைத்து உயர்த்தினால் தகட்டை வண்டி பாடியில் நேராக முடுக்கிவிடாதீர்கள், பாடிதான் மைனஸ், நடுவில் ஒரு மைக்காத் துண்டோ ரப்பரோ வையுங்கள், போல்ட்டுக்கும் ஒரு உறை போடுங்கள் என்று. எனக்கு அந்த மட்கார்டுதான் கண்முன் வந்து நின்றது. இரண்டு டயோடையும் தாண்டி நடுக்கால் நேராகத் தரைக்கு வந்துவிட்டது. ஆறு ஐந்தாகிவிட்டது. அம்மாவின் காலடியிலிருந்து முக்காலியை உருவிவிட்டது அப்பாவின் அந்த இரண்டு போல்ட்.

அந்த வாரமே இண்டூர் போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“தெரியும்” என்றாள்.

“எப்பக்கா?”

“பாட்டு இழுத்தப்பவே. மட்கார்டப் பாத்தேன், போல்ட்டு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“ஊர்ச்சனம் பூரா நிக்குது. போல்ட்டு போட்டது நீங்கதாங்கப்பான்னு சொல்றதா? வூட்டுக்கு வந்து மெதுவா சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். காது வேற பழுத்துக்கிச்சு, அப்பா மொகத்தப் பாக்க முடியல. அதுக்குள்ள வெத்தல மாத்திட்டு வந்துட்டாரு.” மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். “நீயும் அவருகிட்ட சொல்லிடாத பாப்பா. அந்தக் கைய நெனச்சு நெனச்சே கெடப்பாரு.”

நான் சொல்லவில்லை. கிணற்றுமேட்டில் கேட்ட பாட்டைப் பற்றியும் அவளிடம் கேட்கவில்லை. அவள்தான் சரி பண்ணினாள் என்று நினைத்திருந்த எனக்குக் கேட்க என்ன இருக்கிறது?

அக்கா வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம், யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டது. நல்ல நாளில் ரேடியோவைத் திருகக்கூட அக்காவை விடமாட்டார்கள். “அவ கை பட்டா ஆவாது” என்பாள் அத்தையின் மாமியார். கிழவி போன பிறகும் அந்தப் பேச்சுப் போகவில்லை. மிக்சியில் ஒயர் விட்டுப்போனால்கூட அக்கா கடைக்குத்தான் கொடுத்தனுப்புவாள். என் வீட்டுக்கு வந்தால் சுவிட்சைப் போடுவதற்குக்கூட என்னைப் பார்ப்பாள். காது பழுத்த அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது.

போன மாதம், கருமாதி முடிந்த மதியம். அப்பாவின் டிராக்டரை இரும்புக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஓடாமல் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. கோழி முட்டையிடுகிற வண்டி. கடைசியாக ஒரு தடவை பார்க்க நானும் அக்காவும் கொட்டாய்க்குப் போனோம். மட்கார்டில் அந்தப் பாதி மூடி அப்படியே இருந்தது. அப்பா அதைக் கழற்றவே இல்லை. தூசிக்கு நடுவில் அந்த மூன்று கால், கறுத்துப்போன இரண்டு டயோடு. அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனரைப் போட்டு போல்ட்டைக் கழற்றினேன்.

மூடியோடு சேர்ந்து ஒரு ரப்பர் துண்டும் வந்தது. சைக்கிள் டியூபை மூடி அளவுக்கு வெட்டி அடியில் வைத்திருந்தது. போல்ட்டுகளில் வால்டியூப் மாட்டியிருந்தது. சைக்கிள் காற்றடிக்கிற இடத்தில் மாட்டுவோமே, அந்த மெல்லிய குழாய். காய்ந்து வெடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மூடி மட்கார்டைத் தொடாமல், போல்ட் மூடியைத் தொடாமல், செய்ய வேண்டியதை அப்படியே செய்திருந்தது.

“இது நான் வெச்சதில்ல” என்றாள் அக்கா.

“நீ வெச்சதில்லையா?”

“இண்டூர்லேர்ந்து வந்ததுக்கப்பறம் நான் இந்தக் கொட்டாய்க்கே வரலியே.”

எனக்கு அந்த அரை நாள் விட்ட மதியம் முழுசாக ஞாபகம் வந்தது. அன்று சாயங்கால பஸ்ஸில்தான் அம்மாவும் அக்காவும் பாலக்கோட்டிலிருந்து இறங்கினார்கள். கையில் கல்யாண ஜாக்கெட் துணி. காலையிலேயே துணி எடுக்கப் போனவர்கள், அன்றைக்கு எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்படியென்றால் மதியம் கொட்டாயில் பாட வைத்தவர் அப்பா. ரேடியோ கடைக்காரரிடமோ வேறு யாரிடமோ போய்க் கேட்டிருக்கிறார். டியூபை வெட்டி வைத்திருக்கிறார். பாடியிருக்கிறது. தன் கைதான் தப்பு என்று தெரிந்துகொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வெற்றிலை மாற்றியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார். கல்யாணத்தை நிறுத்தியிருக்க வேண்டாம், இண்டூர் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தப்பு என் கையில்தான் இருந்தது, பெண்ணின் கையில் இல்லை என்று. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அக்கா இத்தனை வருடம் சுவிட்சைத் தொடப் பயந்து வாழ்ந்தாள். பதினாறு நாள் அழுததெல்லாம் எனக்கு அப்போது நெஞ்சில் கசந்தது.

அக்கா ரப்பர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத வேலையா அது?

“அப்பாதான் வெச்சிருக்காரு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “எப்ப வெச்சாரு பாப்பா? எங்கல்யாணத்துக்கு முன்னயா, பொறவா?”

“பொறவுதான்க்கா” என்றேன். “நான் காலேஜ் போறப்ப. நாந்தான் அவருகிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லாதன்னியே, அதான் உங்கிட்ட மறச்சுட்டேன்.”

“அப்ப அவருக்கு அதுவரைக்கும் தெரியாது.”

“தெரியாதுக்கா.”

அக்கா தலையாட்டினாள். முந்தானை முனையால் அந்த இரண்டு டயோடையும் துடைத்தாள்.

“தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கமாட்டாரு” என்றாள்.

“குடுத்திருக்கமாட்டாருக்கா” என்றேன்.